ஹெட்டியின் பாம்பு சாப்பிடவில்லை

வெந்நீரில் போட்டுச் சூடாக்கிய எலியை நீண்ட இடுக்கியில் தொங்கவிட்டபடி நடந்துகொண்டிருந்த டெல்மரின் இரண்டு தோள்களும் ஒரே நேரத்தில் சுவரில் உரசின. இடது தோள் இந்தப் பக்கம், வலது தோள் அந்தப் பக்கம். இருபத்திரண்டு வருஷமாக அவன் நடந்த நடைவழி அது. குளிருக்குப் போட்ட தடித்த கம்பளிச் சட்டைதான் காரணம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு நாலடி போன பிறகுதான், தான் வெறும் பனியனோடு இருப்பதைக் கவனித்தான்.

ஜனவரியில் ஒஹாயோவில் ஐந்தரைக்கே இருட்டிவிடும். வெளியே பனி விழும் சத்தமில்லாத சத்தம், உள்ளே வெந்நீர்க் குழாய்களின் முனகல், நடைவழியின் கோடியில் பாம்பு அறையிலிருந்து வரும் ஈர மரத்தூளும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்த வாடை. அந்த அறையில் நாற்பது டப்பாக்கள், மேசை இழுப்பறைகள் மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக இரும்புச் சட்டத்தில் செருகியிருந்தன. ஒவ்வொன்றிலும் இருட்டு, ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு மலைப்பாம்பு. ஆப்பிரிக்காவின் குட்டைச் சாதி. பயந்தால் பந்துபோலச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும். டெல்மர் அவற்றை முட்டையிட வைத்து, குஞ்சு பொரிக்க வைத்து, விற்பவன்.

பாம்புச் சந்தையில் வாங்க வருகிறவர்களுக்கு அவன் சொல்லும் பாடம் ஒன்றே ஒன்றுதான். "பெரிய கூண்டு வாங்காதீங்க. எடம் பெருசானா பயம் வரும். பயம் வந்தா பசி போயிடும். சாப்பிடலையா, டப்பாவ இன்னும் சின்னதாக்குங்க." பல பாம்புகளுக்கு அது பலித்தும் இருக்கிறது. பலித்ததை வைத்துக்கொண்டு உலகத்துக்கே அளவெடுக்கப் புறப்பட்டதுதான் அவன் செய்த பிழை.

பிஸ்கட் மட்டும் அவனுடையதல்ல. அது அவன் மனைவி ஹெட்டியின் பாம்பு. ஆறடி அலமாரி ஒன்றைப் படுக்கப்போட்டு, முன்னால் கண்ணாடி பதித்து, உள்ளே மரக்கிளையும் பட்டையும் ஒளிந்துகொள்ள இரண்டு பொந்தும் வைத்து, ஹெட்டி தன் கையாலேயே அதற்கு ஒரு வீடு செய்திருந்தாள். முன்னறை ஜன்னலோரம் இருந்த அந்தக் கூண்டில் பிஸ்கட் வாரம் தவறாமல் சாப்பிட்டது.

"இந்தப் பாம்புக்கு மூள கெட்டுப்போச்சு," என்பான் டெல்மர்.

"அதுக்கு ஒண்ணும் ஆகல. ஒனக்குத்தான் மனசு சுருங்கிப்போச்சு," என்பாள் ஹெட்டி.

அக்டோபரில் ஹெட்டி செத்துப்போனாள். அடக்கம் முடிந்த மறுவாரமே பிஸ்கட்டை எடுத்து டப்பாவில் போட்டான். காலிக் கூண்டை ஹெட்டியின் தங்கை நோரீன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து பிஸ்கட் வாய் திறக்கவில்லை.

இப்போது டப்பாவை இழுத்தான். எலியை அதன் மூக்கருகே ஆட்டினான், உயிருள்ளது மாதிரி. பாம்பு நாக்கை ஒரு முறை நீட்டியது. பிறகு நிதானமாகத் தலையைத் திருப்பி, தன் சுருளுக்குள் வைத்துக்கொண்டது. டப்பாவின் முகப்பில் ஒட்டியிருந்த அட்டையில் பென்சிலால் எழுதினான். மறுத்தது. அது பதினாறாவது செவ்வாய்.

மறுநாள் மதியம் நோரீன் வந்தாள். அவன் சங்கிலியை எடுக்காமல் கதவை ஒரு சாண் திறந்தான்.

"பிஸ்கட்ட குடு, டெல்மர். ஹெட்டி அத எனக்குன்னு சொல்லிட்டுப் போனா."

"சொன்னாளா? எழுதித் தந்தாளா?"

"எழுத அவ கையில ஒரு பென்சிலாச்சும் குடுத்தியா நீ?" நோரீன் காலால் பனியைத் தட்டினாள். "கூண்டு எங்க வீட்ல தயாரா இருக்கு. வெளக்கு, சூடு எல்லாம் போட்டாச்சு. அது எலும்பும் தோலுமா ஆயிருக்கும், எனக்குத் தெரியும்."

"அவ்ளோ பெரிய எடத்துல போட்டா செத்துரும்."

"எங்க அக்காவுக்கும் இதத்தான் சொன்ன. பெரிய ரூம்ல இருந்தா தேறமாட்டான்னு." அவள் குரல் தாழ்ந்தது. "கடைசியில எந்த ரூம்ல செத்தா?"

அவன் கதவைச் சாத்தப் பார்த்தான்.

"இந்தா, கோழியும் நூடுல்சும் சீஸ் போட்டுச் சுட்டுக் கொண்டாந்தேன். நீயாச்சும் தின்னு. மூஞ்சி செத்த எலி மாதிரி இருக்கு." தட்டைக் கதவிடுக்கில் சரித்துத் திணித்துவிட்டுப் போய்விட்டாள்.

தட்டை மேசையில் வைத்தான். சீஸ் கருகிய மணம் வந்தது. அதற்கு அடியில் வேறொன்றும் வந்தது, வெந்நீரில் ஊறிய எலி ரோமத்தின் வாடை. மூடிவைத்தான்.

கோடையில் ஹெட்டிக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிடித்ததைக் கொடுங்கள், மனம் குளிர வைத்திருங்கள் என்றார் டாக்டர். டெல்மருக்கோ தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். முன்னறையிலிருந்து அவள் கட்டிலைத் தையல் அறைக்கு மாற்றினான். அங்கும் சாப்பிடவில்லை என்றதும், பாம்பு அறைக்குப் பக்கத்திலிருந்த, ஜன்னலில்லாத சாமான் அறைக்கு மாற்றினான். ஒரு கட்டிலுக்கு மட்டும் சரியாக இடமிருந்தது. கதவில் ஓர் அட்டை ஒட்டினான்.

"ஜன்னல் இருக்கற ரூமுக்குத் தூக்கிட்டுப் போ, டெல்மர். அங்க ரெண்டு வாய் சாப்பிடறேன்."

"மொதல்ல சாப்பிடு. அப்புறம் ஜன்னல்."

அட்டையில் அவள் சாப்பிடாத நாளுக்கு ஒன்றாகப் பதினெட்டு வரி. பதினெட்டாம் நாள் கரண்டியைத் தள்ளிவிட்டு அவனையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஒனக்கும் ஒரு நாள் தொண்ட அடைக்கும். அன்னிக்குப் பென்சிலோட நான் வந்து நிப்பேன்."

நோரீனிடம் பாம்பைக் கொடுத்திருக்கலாம். ஆனால் அங்கே, அந்த ஆறடிக் கூண்டில், முதல் நாளே அது லபக்கென்று எலியை விழுங்கிவிட்டால்? அந்தப் பதினெட்டு வரிக்கும் அப்புறம் ஒரே அர்த்தம்தான். அவன்தான் ஹெட்டியைக் கொன்றான். அதுவே சின்ன டப்பாவில் சாப்பிட்டுவிட்டால் அவன் சொன்னது சரி, அவன் மேல் குற்றமில்லை. இதை நினைத்ததும் அவனுக்கு வெட்கம் வரவில்லை, அவசரம்தான் வந்தது. குஞ்சுகளை வைக்கும், செருப்புப் பெட்டி அளவுள்ள டப்பாவை எடுத்து, பிஸ்கட்டை மடித்து மடித்து உள்ளே அமுக்கி மூடினான். அது சீறக்கூட இல்லை.

வியாழன் அன்று நடைவழியில் டேப் பிடித்து அளந்தான். இருபது அங்குலம். மூன்றடி இருக்க வேண்டிய வழி. வெள்ளியன்று பதினெட்டு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், டேப்புக்கும் கண்ணுக்கும் நடுவில் எங்கோ தப்பு என்று தன்னையே திட்டிக்கொண்டான். படுக்கையறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே கால் வைக்க இடமில்லாமல் போயிற்று. சுவர்கள் வெதுவெதுப்பாக இருந்தன, டப்பாக்களின் பின்னால் ஓடும் சூட்டுப் பட்டையைப் போல. கன்னத்தை வைத்துப் பார்த்தால் உள்ளே மெல்லிய இரைச்சல் கேட்டது.

பசி மட்டும் வரவில்லை. சூப் வைத்தான், ரோமம் நாறியது. ரொட்டியைக் கடித்தான், தொண்டை வரை போய்த் திரும்பி வந்தது. காரை எடுத்துக்கொண்டு எங்காவது போய்விடலாம் என்று சாவியைத் தேடி எடுத்தவன், திரும்ப ஆணியில் மாட்டினான். செவ்வாய் வரட்டும். செவ்வாய் அது சாப்பிடும்.

திங்கள் காலை கண் விழித்தபோது படுக்கையறைக் கதவின் உட்புறம் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. டெல்மர், என்று மேலே. கீழே ஐந்து வரி. மறுத்தது, மறுத்தது, மறுத்தது. பென்சில் எழுத்து. உருண்டை உருண்டையாக, துணி அளவு குறிக்கும்போது ஹெட்டி எழுதுவது போல. கிழித்து, கழிப்பறையில் போட்டு, மூன்று முறை தண்ணீர் விட்டான்.

செவ்வாய் மாலை அட்டை அதே இடத்தில் இருந்தது. ஆறு வரி.

எலியை வெந்நீரில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினான். நடைவழியில் நேராகப் போக முடியவில்லை. பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கி, முதுகும் மார்பும் வெதுவெதுப்பான சுவரில் தேய, இடுக்கியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நகர்ந்தான். பாம்பு அறைக்குள் வந்ததும் அந்தச் சின்ன டப்பாவின் அட்டையைப் பார்த்தான்.

இன்றைய தேதி. சாப்பிட்டது.

"பாத்தியா!" என்று கத்தினான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சின்ன எடம்! நான் சொன்னேன்ல! ஹெட்டி, நான் சொன்னேன்ல!"

அப்புறம்தான் எலி இன்னும் தன் இடுக்கியில் தொங்குவது தெரிந்தது.

டப்பாவை இழுத்தான். காலி.

மற்ற முப்பத்தொன்பது டப்பாக்களுக்குள்ளும் உடல்கள் ஒரே நேரத்தில் புரண்டன. பிளாஸ்டிக்கில் செதில் உரசும் சத்தம். விளக்கு மங்கியது. திரும்பி ஓடப் பார்த்தான். நடைவழி ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் இருந்தது. இடுக்கி நழுவி எங்கோ விழுந்தது. சட்டங்கள் இரண்டு பக்கமும் நெருங்கின. திறந்திருந்தது ஒரே கதவு. சாமான் அறை.

உள்ளே பாய்ந்தான். கதவு சாத்திக்கொண்டது.

இருட்டு. சூடு. முழங்கால் சுவரில் இடித்தது. மடக்கினான். தலை மேலே இடித்தது. குனிந்தான். கட்டில் இல்லை. தரையில் ஈர மரத்தூள். முதுகுக்குப் பின்னால் சூட்டுப் பட்டை. கத்தினான். குரல் போக இடமில்லை, அவன் முகத்துக்கே திரும்பி வந்தது. முழங்காலை மார்போடு அணைத்து, தலையை நடுவில் ஒளித்துக்கொண்டான்.

எவ்வளவு நேரமோ.

பிறகு முன்பக்கச் சுவர் சர்ரென்று வழுக்கி ஒரு சாண் திறந்தது. வெளிச்சம். பகல் வெளிச்சம். இடுக்கு வழியாக முன்னறை தெரிந்தது, அவ்வளவு பெரியதாக, அவ்வளவு வெள்ளையாக. ஜன்னல் முழுக்கத் திறந்திருந்தது. அதன் விளிம்பில், வெயிலில், நீளமாகக் கை கால் நீட்டியவர் போலப் படுத்திருந்தது பிஸ்கட். நடு வயிறு நன்றாகப் புடைத்திருந்தது.

அவன் கீழே போட்ட இடுக்கி இடுக்கு வழியாக உள்ளே நீண்டது. அதன் நுனியில் வெந்நீர் சொட்டச் சொட்ட எலி. அவன் மூக்கருகே ஆடியது. உயிருள்ளது மாதிரி.

"மொதல்ல சாப்பிடு," என்றது வெளியே அந்தக் குரல். "அப்புறம் ஜன்னல்."

சாப்பிட வேண்டும் என்றுதான் நினைத்தான். கடவுள் சத்தியமாக நினைத்தான். வாயைத் திறந்தான். ஈர ரோமம் உதட்டில் பட்டது. தொண்டை இறுகி அடைத்துக்கொண்டது. அவன் தலை அவனைக் கேட்காமலேயே மெல்லத் திரும்பி, முழங்காலுக்குள் போய்ப் புதைந்தது.

இடுக்கி பின்வாங்கியது. அட்டையில் பென்சில் கீறும் சத்தம். ஒரே ஒரு சொல்.

"பாவம், பயப்படுது," என்றாள் ஹெட்டி, யாரிடமோ சொல்வதுபோல, மிகுந்த அன்போடு. "எடம் இன்னும் பெருசா இருக்கு போல."

சுவர் வழுக்கி மூடிக்கொண்டது. இருட்டில், அவன் முதுகுக்குப் பின்னால், வெதுவெதுப்பாக, ஏதோ ஓர் அங்குலம் முன்னால் நகர்ந்தது.