இனாயத்தின் பியட்

ஓட்டுநர் இருக்கை முன்னால் நகர்ந்திருந்தது.

ஷௌகி நெட்டை மனிதர். காலை நீட்டிக்கொள்ளத் தோதாக இருக்கையைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டுத்தான் நேற்றுப் பட்டறையைப் பூட்டினார். இப்போது அது குட்டையான ஒருத்தி உட்காரும்படி ஸ்டியரிங்கை ஒட்டி நின்றது. பூட்டில் கீறல்கூட இல்லை. எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டார். எலி இருக்கையை நகர்த்தாது என்பதும் அவருக்குத் தெரியும்.

அவர் மனதில் ஓடியது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பவர்கள் கெய்ரோவின் ஷுப்ராவில் எங்கள் சந்தில் குடியிருந்ததில்லை. இங்கே ஒரு வீட்டில் வெங்காயம் நறுக்கினால் மூன்று மாடிக்குக் கண் எரியும்.

இனாயத் அவர் மனைவி. ஆறு வருஷம் முன்பு அக்காவைப் பார்த்து வருகிறேன் என்று இதே பியட் காரில் கிளம்பியவள், அக்கா வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. ஓடிப்போனாள் என்றது பாதித் தெரு, கால்வாயில் விழுந்தாள் என்றது மீதி. நான் நாளுக்கொரு கட்சி. பிறகு புலாக் பழைய இரும்புச் சந்தையில் அந்தக் காரின் விளக்கு வளையம் கிடைத்தது. அடுத்து பானெட், அப்புறம் டாஷ்போர்டு. யாரோ காரைப் பிரித்துக் கூறு போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றாகத் தேடி வாங்கிச் சேர்த்தார். கார் முழுசானால் அவளும் வந்துவிடுவாள் என்று நம்பினார்; அதை வாய்விட்டுச் சொல்லும் அளவுக்கு மட்டும் பைத்தியம் முற்றவில்லை.

ஆனால் நகல் பாகம் எதையும் அவர் தொடமாட்டார். கெய்ரோவில் பழைய கார் வாங்குகிறவன் முதலில் கேட்பது, ‘ஃபாப்ரிகாவா?’ என்றுதான். தொழிற்சாலையிலிருந்து வந்த அதே தகடா, அதே பெயின்டா என்று அர்த்தம். பதில் சொல்ல ஷௌகியைக் கூப்பிடுவார்கள். அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார், திருப்புவார். நகல் அடிப்பவன் கண்ணில் படும் பக்கத்தை அப்படியே அடித்துவிடுவான். பின்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று வழவழவென்று விட்டுவிடுவான்.

பாக்கியிருந்தது ஓட்டுநர் பக்கக் கதவு மட்டும். அதையும் பழைய இரும்பு வியாபாரி ஹிந்தாவி நேற்றுக் கொண்டுவந்து இறக்கினார்.

“உஸ்தா, திருப்பிப் பாரு, ஆசை தீரப் பாரு. உன் சம்சாரத்தோட மோதிரம் கிழிச்ச கோடுகூட இருக்கு.”

இருந்தது. பின்பக்கத்தில் தொழிற்சாலை முத்திரை, வெல்டிங் புள்ளி, எல்லாம் இருந்தது. “யாரு கொண்டாந்து போட்டது, முஅல்லிம்?” என்றார் ஷௌகி; கடை முதலாளியை இங்கே அப்படித்தான் அழைப்போம்.

“மூஞ்சிய சரியா பாக்கல. என் கடையில அவங்க போட்டோவை ஒட்டிவச்சிருந்தியே, அதைக் கேட்டான். தேட ஒத்தாசையா இருக்கும்னான்.”

“குடுத்துட்டியா?”

“வெயில்ல வெளுத்த போட்டோய்யா அது! பதிலுக்குக் கதவு வந்துச்சா இல்லையா? உன்கிட்ட நன்றிய எதிர்பாக்குறவன் மடையன்.”

அவளுக்கு இருந்த ஒரே படம் அது. இதே காரில், ஸ்டியரிங்கில் கை வைத்து, முன்னால் பார்த்தபடி அவள் சிரிக்க, ஓட்டுநர் பக்கச் சன்னலுக்கு வெளியே நின்று ஷௌகி எடுத்தது.

இன்று நோன்பு திறக்கும் நேரம் நெருங்கியது. எதிர்ப் பால்கனியிலிருந்து உம்மு கரீமா கத்தினாள்.

“உஸ்தா! முலூக்கிய்யாக் கீரை ஆறிப்போகுது. இன்னைக்காவது மனுஷங்களோட உக்காந்து சாப்பிடுய்யா. அந்தத் தகர டப்பா எங்க ஓடிப்போகப்போகுது?”

“ஒரு தடவை போச்சே, உம்மு கரீமா.”

அவள் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகு சந்து காலியானது. நோன்பு மாதத்தில் அந்தக் கால்மணி நேரம் கெய்ரோவில் நாய்கூடக் குரைக்காது; டிராம் இல்லை, ஹாரன் இல்லை, எல்லாக் கதவுக்குப் பின்னாலும் தட்டும் கரண்டியும் பேச்சும், கதவுகளுக்கு வெளியே ஷௌகி மட்டும். பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் மஞ்சள் வெளிச்சம் தரையோடு ஊர்ந்து தேய்ந்துகொண்டிருந்தது. கீலில் கதவை மாட்டி போல்ட்டை முறுக்கினார். கிரீஸ் நாற்றத்துக்கு நடுவே ஆரஞ்சுப்பூ நீர் மணத்தது. இனாயத் கூந்தலில் தெளித்துக்கொள்வது. அதற்கடியில் வேறொரு வாடை. காயாத பெயின்ட்.

கதவைச் சாத்தினார். கச்சிதமாக விழுந்தது.

நோன்பு திறக்கச் சொல்லிப் பீரங்கி முழங்கியது. பேரீச்சம்பழம் எடுக்க மேசைப் பக்கம் திரும்பினார்.

பின்னால் ஸ்பிரிங் முனகியது. யாரோ உட்காரும் சத்தம்.

திரும்பினார்.

இருந்தாள். ஸ்டியரிங்கில் கை. அதே சிரிப்பு.

“இனாயத்?”

சன்னல் வழியே கையை நுழைத்து அவள் கையைத் தொட்டார். சூடாக இருந்தது. புறங்கையில் அடுப்பு சுட்ட தழும்பு, அதே இடம், அதே வடிவம். கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் பழக்கம் விடவில்லை.

திருப்பினார்.

உள்ளங்கையில் ரேகை இல்லை. ஒன்றுகூட இல்லை. பீங்கான் மாதிரி.

கையை விட்டார். அது தானாக ஸ்டியரிங்குக்குப் போனது. அதே இடத்துக்கு.

ஓடலாம். ஷட்டர் பாதிதான் இறங்கியிருந்தது. எதிர்வீட்டில் யாரோ தண்ணீர் கேட்டார்கள், யாரோ சிரித்தார்கள். இருபது அடி. அங்கே உட்கார்ந்து சாப்பிட்டு, திரும்பி வந்து, மாடியேறி, ஒற்றைத் தலையணையில் படுக்கலாம். ஆறு வருஷமாகப் படுத்தது போல.

ஷட்டரை முழுசாக இறக்கினார்.

இருட்டில் காரின் பின்பக்கமாகத் தடவிக்கொண்டே சுற்றி வந்தார். மறுபக்கக் கதவு. அந்தப் பக்கமிருந்து அவளை யாரும் படம் எடுத்ததில்லை. திறந்தார். உட்கார்ந்தார். அவள் பக்கம் திரும்பாமல் நேராகவே பார்த்தார்.

“நோன்பு தொறக்கலாமா?” என்றார்.

ஸ்பிரிங் முனகியது.

காதில்லாத, கன்னமில்லாத, கண்ணில்லாத அந்தப் பக்கம், வழவழப்பாக, வெதுவெதுப்பாக, மெல்ல அவர் தோளில் சாய்ந்தது.