தட்டில் சிரித்த பற்கள்

கார்காலம் வந்திறங்கியது. கடலை முகந்த கருமுகில்கள் விண்ணெங்கும் தவமிருப்பவை போல் அசையாது நின்றன. மரங்கள் தலைதாழ்த்தின. பறவைகள் குரலடக்கின. உலகமே வாய்மூடி எதையோ நினைந்திருந்த மாலை அது.

முதியோர் இல்லத்தில் மட்டும் யாரும் வாய்மூடவில்லை.

“என் பழ்ழு எங்கே?” என்று முழங்கினார் பட்டாளத்துத் தாத்தா.

அங்கே சென்ற வாரம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள் அத்தை. நான்கு முதியவர்களின் பல் செட்டுகளையும் ஒரே பாத்திரத்தில் போட்டுச் சுடுநீரில் அலசியிருந்தாள். ஒட்டியிருந்த எண் சீட்டுகள் நீரில் கரைந்துபோயின. இப்போது நான்கும் ஒரே தட்டில் இளித்துக்கொண்டிருந்தன.

“ஆளுக்கு ஒண்ணா போட்டுப் பார்த்துட்டா தெரிஞ்சிடும்” என்றார் மேற்பார்வையாளர்.

நால்வரும் இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“இதென்ன செருப்புக் கடையா?” என்றார் தையல்காரம்மா, விரலிடுக்கு வழியாக.

மேற்பார்வையாளர் அத்தையின் பக்கம் திரும்பினார். “விளக்கு ஏத்துறதுக்குள்ள சரி பண்ணணும். இல்லேன்னா நாளைக்கு வர வேண்டாம்.”

அத்தையின் கண்கள் குளமாயின. வழக்கமாக விளக்கேற்றியதும் பாடுகிற பாட்டுத் தாத்தா, “பழ்ழு இழ்ழாம பாட்டா?” என்று பெருமூச்சுவிட்டார்.

பள்ளி முடிந்து அத்தையைத் தேடி அங்கே வந்திருந்த அவளுடைய அண்ணன் மகள், ஒரு சிறுமி, இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். எதையும் உற்று உற்றுப் பார்ப்பதால் வீட்டில் அவளுக்கு ‘ஆந்தை’ என்று பெயர். கணக்கு மட்டும் அவளுக்கு எட்டிக்காய். ‘கணக்கு வராத உனக்கு எவன் வேலை கொடுப்பான்?’ என்று அப்பா காலையில் கேட்டது இன்னும் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது.

“அத்தை, நான் பார்க்கட்டுமா?”

தட்டின் மேல் குனிந்தாள் ஆந்தை.

“இதுல முன்பல் கொஞ்சம் தேஞ்சிருக்கு. தையல்காரம்மா நூலைப் பல்லாலதானே கடிப்பாங்க? இது அவங்களோடது. இதுல தேநீர்க் கறை. இது டீத் தாத்தாவுக்கு. இதுல நடுவுல சின்ன இடைவெளி. பாட்டுத் தாத்தா பாடும்போது ஒரு விசில் வருமே, அது இந்த வழியாத்தான்!”

மூவரும் கழுவி மாட்டிக்கொண்டார்கள். கச்சிதமாகப் பொருந்தின.

“மிச்சம் இருக்கிறது உங்களோடது.” பட்டாளத்துத் தாத்தாவிடம் நீட்டினாள். “மிச்சம் இல்லேன்னாலும் தெரியும் தாத்தா. இது மட்டும் தட்டுல கூட முறைக்குது.”

பல்லை மாட்டிய தாத்தா முறைக்கத்தான் முயன்றார். சிரிப்பு முந்திக்கொண்டது. மேற்பார்வையாளரும் சிரித்துவிட்டார். “நாளைக்கு நேரத்தோட வந்துடும்மா” என்றார் அத்தையிடம்.

“பெரியவளானதும் தையலுக்கு வந்துடு” என்றார் தையல்காரம்மா.

“அதுல அளவு எடுக்கணுமே, எனக்குக் கணக்கு வராதே!” ஆந்தை பின்வாங்கினாள்.

“நான் தேயிலை ருசி பார்க்கிற வேலைதான் பார்த்தேன். நாக்கும் மூக்கும் போதும்” என்றார் டீத் தாத்தா.

“வாத்தியத்துக்குச் சுருதி சேர்க்கலாம். காது போதும்” என்றார் பாட்டுத் தாத்தா.

“பொழுதன்னைக்கும் டீ குடிச்சா அதுக்குச் சம்பளமா!” ஆந்தையின் கண்கள் விரிந்தன. அப்பாவிடம் சொல்ல இன்று செய்தி இருந்தது.

விளக்கு ஏற்றப்பட்டது. வெளியே முதல் துளி விழுந்தது. அனைவரும் கண்மூடிக் கைகூப்ப, பாட்டுத் தாத்தா உருகிப் பாடினார். இறைவன் பெயர் வந்த இடத்தில் மெல்லிய விசிலும் கூடவே வந்தது. அதற்காகவே காத்திருந்த ஆந்தை, கூப்பிய கையை விலக்காமல் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மீண்டும் மூடிக்கொண்டாள்.

பாட்டு முடிந்தது. பாட்டுத் தாத்தாவின் கை அவள் தலைமேல் இறங்கியது.

“நல்லா இரும்மா. நீ பார்க்கிறதெல்லாம் நல்லதாவே இருக்கட்டும்.”