மூச்சு இழுக்காத படம்

போன் அலறியது!

காலை ஒன்பதே கால். எக்ஸ்ரே அறையில் டாக்டர் அப்போதுதான் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது அவள் வேலை. பதினாறு வருஷ சர்வீஸ்.

"மேடம்... மாமா போயிட்டார்!"

படம் எடுக்கும் டெக்னீஷியன். "மூச்சை இழுங்க... பிடிங்க!" என்று கட்டடமே அதிரக் கத்துவதால் ஆஸ்பத்திரிக்கே அவன் 'மூச்சுக்காரன்'.

"எந்த மாமா?"

"என் அக்கா வீட்டுக்காரர். நேத்து மார்புப் படம் எடுத்தேனே... நீங்ககூட நார்மல்னு எழுதினீங்களே!"



"எப்படி...?"

"காலைல எழுந்ததும் மூச்சுத் திணறல். அக்கா வெளியூர்ல இருக்கா. நான்தான் கூட இருந்தேன்."

குரல் தணிந்தது.

"அது நிமோனியாதான் மேடம். நீங்க கவனிக்காம விட்டுட்டீங்க. பரவால்ல, யாருக்கும் வர்ற தப்புதான். ரிப்போர்ட்டை மட்டும் மாத்தி எழுதிடுங்க. குடும்ப டாக்டர் அதைப் பார்த்து டெத் சர்டிபிகேட் கொடுத்துடுவார். மத்தியானமே அடக்கம். உங்க பேரும் கெடாது!"

போனை வைத்துவிட்டான்.

நேற்றைய படத்தைத் தேடி எடுத்து விளக்குப் பெட்டியில் செருகினாள்.

நேற்று நாற்பது படங்கள். மகளின் பள்ளியிலிருந்து போன் வேறு. "சும்மா சளிதான் மேடம், நம்ம மாமா" என்று அவன் நீட்ட... காதில் போனோடு கையெழுத்து!

நேற்றே செய்திருக்க வேண்டியதை இன்று செய்தாள். நோயைத் தேடுமுன், படம் பார்க்க லாயக்கானதா?

விலா எலும்புகளை எண்ணினாள். எட்டு... அவ்வளவுதான்! நெஞ்சு நிறைய மூச்சு இழுத்திருந்தால் முதுகுப்பக்கம் பத்தாவதும் தெரிய வேண்டும்.

கழுத்தடியில் காறை எலும்புகள். ஒன்று முதுகெலும்பை ஒட்டி, மற்றது எங்கோ. ஆள் நேராக நிற்கவில்லை.

நுரையீரல்?

கரி! கதிர் கூடிப்போயிருந்தது. வெள்ளையாய்த் தெரிய வேண்டிய சளித் திட்டு இருந்திருந்தாலும் அந்தக் கறுப்பு விழுங்கியிருக்கும்.

'மறுபடி எடு' என்று திருப்பியனுப்ப வேண்டிய படம். அதில் 'நார்மல்' என்று எழுதியிருந்தாள்.

'கொன்னுட்டேன்... நான்தான் கொன்னுட்டேன்!'

பேனாவை எடுத்தாள். ஒரே ஒரு வார்த்தை போதும். யாருக்கும் தெரியாது.

'நி...' என்று எழுதிய கை நின்றது.

பேனாவை வீசினாள். படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

"ஒரு ஆளைக் கொன்னுட்டேன் சார்."

இன்ஸ்பெக்டரின் டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது.

எல்லாம் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை.

"போஸ்ட்மார்ட்டம் பண்ணுங்க சார். நான் எதைக் கோட்டை விட்டேன்னு தெரியணும்."

"யாருமே கேக்கல மேடம். நீங்களா வந்து மாட்டிக்கிறீங்களே?"

"அவரோட மனைவி வந்து கேப்பாங்க. நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டுப் பதில் சொல்வேன்?"

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்தார்.

மத்தியானம் அடக்கம் நடக்கவில்லை.

மாலை ஐந்து. பச்சைத்தண்ணீர் கூடக் குடிக்காமல் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இன்ஸ்பெக்டர் வந்தார்.

"நிமோனியா இல்ல மேடம்."

"அப்போ...?"

"சாதாரண சளி. ஆனா உதட்டுக்கு உள்பக்கம் பல் பதிஞ்ச காயம். தொண்டைல தலையணைப் பஞ்சு!"

அவள் எழுந்துவிட்டாள்.

"மூச்சுக்காரனா?!"

"ஒத்துக்கிட்டான். வேலைக்குச் சேர்றவங்க மெடிக்கல் டெஸ்ட்டுக்கு, காசு வாங்கிக்கிட்டு வேற ஆளோட நல்ல படத்துல பேரை மாத்திக் கொடுத்திட்டிருந்தானாம். மாமா கண்டுபிடிச்சிட்டார். ஆஸ்பத்திரில சொல்லிடுவேன்னிருக்கார்."

"பன்னெண்டு வருஷமா படம் எடுக்கிறவன் சார். ஒரு தப்புன்னா கை தவறினதுன்னு சொல்லலாம். ஒரே படத்துல மூணு..."

"வேணும்னேதான்! அரைகுறையா மூச்சு இழுக்கச் சொல்லி, ஆளைத் திருப்பி நிக்க வெச்சு, கதிரைக் கூட்டி, நிமோனியா இருந்தாலும் தெரியாத படமா எடுத்து... நீங்க அவசரத்துல கையெழுத்துப் போடுவீங்க, அப்புறம் பேருக்குப் பயந்து மாத்தி எழுதுவீங்கன்னு கணக்குப் போட்டிருக்கான். பாதிக் கணக்கு சரி."

அந்தப் பாதிதான் சுட்டது.

"நேத்தே திருப்பி அனுப்பியிருந்தா அவன் திட்டம் அங்கேயே படுத்திருக்கும். அந்த மனுஷன் இருந்திருப்பார். இல்லையா சார்?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இருந்திருக்கலாம் மேடம். ஆனா அதுக்கு என்கிட்ட செக்ஷன் இல்ல."

"ஆஸ்பத்திரிக்கு நானே எழுதிக் கொடுத்துடறேன். அவர் மனைவிகிட்டயும் நானே சொல்றேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள்.

"மேடம், ஒரு நிமிஷம்... ரெண்டு வாரமா எனக்கும் இருமல். நாளைக்கு ஒரு படம் எடுத்துடலாம்னு இருக்கேன்."

"வாங்க சார். பத்து எலும்பையும் எண்ணிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்."

"அது போதாது மேடம். படம் எடுக்கிறவர் என் மச்சினனா இல்லாம பார்த்துக்கங்க!"