வெறுந்தொட்டில்

குழந்தை ஷான் சிந்துஜாவின் தோளில் கிடந்தான். ஆனால் தொட்டிலின் ஸ்பிரிங், உள்ளே யாரோ படுத்திருப்பதுபோல், கீழே இழுபட்டு ஆடிக்கொண்டிருந்தது.

மதியம்தான். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிக்குக் கீழே மோனோரயில் முனகிக்கொண்டு போனது. மழையின் ஈரமும் கீழ்க்கடைச் சாம்பிராணியும் ஜன்னல் வழியே வந்து, தொட்டில் கட்டிய சாரோங் துணியின் பால்வாசனையோடு கலந்திருந்தன; அதற்கடியில் பச்சை இறைச்சிபோல் ஏதோ நாறியது.

ஷான் தொட்டில் ஆடினால்தான் தூங்குவான். அப்பன் கிருஷாந்த் செராஸில் தொட்டில் ஆட்டும் மோட்டார் வாங்கி ஸ்பிரிங்கில் மாட்டினான். கிளினிக் நர்ஸ் அது வேண்டாம், மெத்தையில் மல்லாக்கப் படுக்கவைத்துப் பழக்குங்கள் என்றார். பழக்கினார்கள். மோட்டார் சத்தம் நின்றால் மட்டும் வீறிட்டான். அதனால் பிள்ளை மெத்தையில் கிடக்க, வெறுந்தொட்டில் பக்கத்தில் ஆடியது. அருமையான தூக்கம். நர்ஸைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

எதிர்வீட்டுப் புஷ்பவல்லி ஆன்டிக்குத்தான் பொறுக்கவில்லை. "வெறுந்தொட்டில ஆட்டாதம்மா. ஏதாவது வந்து படுத்துக்கும்."

"வந்தா வாடகை கேப்போம்லா, ஆன்டி," என்று சிரித்திருந்தான் கிருஷாந்த்.

இப்போது சிந்துஜா ஷானை மெத்தையில் கிடத்திவிட்டுக் கணவனைக் கூப்பிட்டாள். பூனையாக இருக்கும் என்று அவன் சாரோங்குக்குள் மோதிரம் போட்ட கையை விட்டான்.

முழங்கை போனது. தோள் போனது. கரும்புச்சாறு மெஷினில் கரும்பு நுழையும் சத்தம். கத்த அவனுக்கு மூச்சில்லை. சிந்துஜா இடுப்பைப் பிடித்து இழுத்தாள்.

அவன் கைலி மட்டும் வந்தது.

பதினைந்து கிலோவுக்கு மேல் கூடாது என்று மோட்டார் பெட்டியில் போட்டிருந்தது. கிருஷாந்த் எழுபது கிலோ. மோட்டார் புகைந்து நின்றது.

ஷான் அழவில்லை. ஷானின் குரலில் தொட்டில் அழுதது.

சாரோங்கை விலக்கிக்கொண்டு ஒரு சின்னக் கை. தோலில்லை. சொட்டியது. மெத்தைப் பக்கம் நீண்டது. ஷானின் காலைத் தொட்டது.

சிந்துஜா ஸ்பிரிங்கைப் பிடித்தாள். ஆட்டினாள்.

கை உள்ளே போனது. அழுகை நின்றது.

ஷானைத் தூக்க நிறுத்தினாள். கை முந்தி வந்தது.

ஆட்டினாள்.

கதவுக்கு வெளியே புஷ்பவல்லி ஆன்டி. "பிள்ள அழுதானே, தூங்கிட்டானா?"

"ரெண்டும் தூங்குது, ஆன்டி," என்றாள் சிந்துஜா மெல்ல. "சத்தம் போடாதீங்க."

செருப்புச் சத்தம் தேய்ந்தது. சிந்துஜாவுக்குத் தோள் வலித்தது. ஆட்டும் கை தளரத் தளர, சாரோங் விளிம்பில் விரல்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கட்டைவிரலில் கிருஷாந்தின் மோதிரம்.