கை உள்ளே இருக்கும்போது

கியர்பாக்ஸிலிருந்து வடிந்த எண்ணெய் வெதுவெதுப்பாக இருந்தது. லேத் ஓடி இரண்டு மாதமாகிறது. சின்னவன் விரலைத் துடைத்துவிட்டு மறுபடியும் தொட்டுப் பார்த்தான். மதிய வெயில் தகரக் கூரையைக் காய்ச்சியெடுக்கிறது, அதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மோட்டார் பெல்ட்டைக் கழற்றித் தரையில் போட்டிருந்தான். பிடுங்கிய ஃபியூஸ் சட்டைப்பையில். அது இருக்கிறதா என்று மூன்று முறை தடவிப் பார்த்தாகிவிட்டது.

சுவிட்ச் பலகைக்குக் கீழே ஸ்டூலில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். இனி இந்த மெஷினைத் தானே ஓட்டப்போவதாகச் சொல்லிவிட்டாள்.

"உங்க அண்ணன் என்கிட்ட பேசினதைவிட இதுகிட்ட பேசினதுதான் ஜாஸ்தி. என்கிட்டயும் நாலு வார்த்தை பேசாமலா போயிடும்?"

சின்னவன் சிரிக்க முயன்றான். பழைய கிரீஸும் இரும்புத்தூளும் சூடான எண்ணெயும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. அதற்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. அண்ணன் செத்த அன்றைக்குத் தரையை எத்தனை முறை கழுவியும் போகாத வாடை.

இந்தப் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. ஒருவர் கியர்பாக்ஸுக்குள் கை விட்டிருந்தால், சுவிட்சருகே நிற்பவர் "போடலாமா?" என்று கேட்க வேண்டும். "போடு" என்று பதில் வந்த பிறகுதான் சுவிட்சைத் தொட வேண்டும். அன்றைக்கு இவன் கேட்டான். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

அண்ணன் "போடு" என்று சொன்னார் என்றுதான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான்.

"கையை உள்ளே வச்சுக்கிட்டே போடுன்னு சொல்லுவாரா ஒரு மனுஷன்?" அண்ணி இன்றும் ஆரம்பித்தாள். "புத்தி எங்கே போச்சு அவருக்கு?"

பேரிங்கைத் தேடி அவன் வலது கை முழங்கைவரை உள்ளே போயிருந்தது. இதற்குமேல் அவனால் பொறுக்க முடியவில்லை.

"அண்ணி... அவர் சொல்லல. நான்தான் காத்திருக்காம போட்டுட்டேன்."

கூரைத் தகரம் ஒருமுறை படபடத்து அடங்கியது.

"அப்போ..." அண்ணி ஸ்டூலை விட்டு எழுந்தாள். "ரெண்டு மாசமா அவரையா திட்டிக்கிட்டிருந்தேன்?"

அப்போதுதான் எண்ணெய்க்குள் ஏதோ அவன் விரல்களைத் தொட்டது. இரும்பு இல்லை. தடித்த விரல்கள். ஓரம் காய்த்துப்போன கட்டைவிரல். சிறுவயதில் சாலையைக் கடக்கும்போது பிடித்துக்கொண்ட அதே பிடி. வலிக்கவில்லை. விடவும் இல்லை.

"தம்பி, கையை எடு. போதும்."

"வரல அண்ணி."

"விளையாடாதே. எடு!"

"வரல..."

அவள் ஓடிவந்து அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். கை அசையவில்லை. சட்டைப்பையில் ஃபியூஸ் இருந்தது. பெல்ட் தரையில் கிடந்தது. சுவிட்சருகே யாரும் இல்லை.

உள்ளே பல்சக்கரம் ஒரு பல் நகர்ந்தது.

நின்றது.

அடுத்த பல்.

அண்ணி அழுதுகொண்டே, கியர்பாக்ஸின் இருட்டுக்குள் குனிந்து, கணவனைக் கெஞ்சத் தொடங்கினாள்.

அடுத்த பல்.