ஐந்தாவது துடிப்பு

தலைசுற்றல் என்று வந்த பெரியவரின் மணிக்கட்டில் டாக்டரம்மா இரண்டு விரலை வைத்ததும் ஏதோ நெருடியது. ஆக்சிஜன் சீறுகிற சத்தம், ஸ்பிரிட் வாசனை, ஜன்னலே இல்லாத அந்த அவசர சிகிச்சை அறையின் வெள்ளை வெளிச்சம், தலைமாட்டில் ஒரே சீராகப் பீப் அடித்துக்கொண்டிருந்த மானிட்டர் எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. விரலுக்கு அடியில் மட்டும் நாடி நான்கு துடித்து, ஒன்று தவறி, மறுபடி நான்கு துடித்தது. ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டாள். நெஞ்சும் சீராகத்தான் இருந்தது. லீவு முடிந்து வந்த முதல் நாள், அசதியாக இருக்கும் என்று தன்னைச் சமாதானம் செய்துகொண்டாள்.

அடுத்து, கால் பிசகி வந்த சிறுமியின் கையிலும் அதே நான்கு, அதே இடைவெளி. அந்தத் துடிப்பு யாருடையது என்று டாக்டரம்மாவுக்குத் தெரியாதா என்ன? கல்யாணமான நாளிலிருந்து அதில் விரல் வைத்துக்கொண்டுதானே தூங்கினாள்.

"அஞ்சாவதுக்கு மட்டும் லீவு போடுது, பாவம், விட்டுடேன்" என்று சிரிப்பான் புருஷன். ஆளைக் கொல்லாத சின்னக் கோளாறுதான் அது. பதிலுக்கு அவனும் தூக்கக் கலக்கத்தில் அவள் மணிக்கட்டைத் துழாவி, இரண்டு விரலை வைத்து, "இருக்கியா?" என்பான். போன மாதம் லாரி மோதி அவனை இதே அறைக்குத்தான் தூக்கி வந்தார்கள். கழுத்தில் விரல் வைத்துப் பார்த்து, "இல்ல" என்று சொன்னவளும் அவள்தான். சொல்லிவிட்டுக் கையை எடுத்துவிட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்திருக்கலாமே என்று அன்றிலிருந்து அவள் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

சாயங்காலம் ஒரு பெண்ணைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். ஒரு காலில் மாவுக்கட்டு. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவள் மூச்சு முட்டிச் சாய்ந்துவிட்டாளாம். மற்றக் காலின் ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்தபடி அவள் புருஷன் கூடவே ஓடிவந்தான்.

மாவுக்கட்டைப் பார்த்ததுமே டாக்டரம்மாவுக்குப் பொறி தட்டியது. ஸ்கேன் வைத்துப் பார்த்தாள். இதயத்தின் வலது பக்கம் உப்பிக் கிடந்தது. அசையாத காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்கு ஏறிவிட்டது. கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றச் சொன்னாள். ஏற்றி முடிக்கும்போதே நாடி நின்றது. பெரிய சிஸ்டர் தலைமாட்டில் நின்று காற்றுப்பையை அமுக்க, பயில்வான் ஸ்டூலில் ஏறி நெஞ்சை அழுத்தத் தொடங்கினான். ஊதினால் பறந்துவிடுகிற உடம்புக்காரன் என்பதால்தான் அந்த ஆண் நர்ஸுக்கு அந்தப் பெயர். ஆனால் வேலையில் புலி.

"பொழைச்சுடுவாளா டாக்டர்?"

மருந்து வேலை செய்ய நேரம் எடுக்கும், அதுவரை எங்கள் கைதான் அவள் இதயம் என்று அந்தப் புருஷனிடம் பொறுமையாகச் சொன்னாள். "நாங்க நிறுத்தமாட்டோம்ப்பா" என்றாள். அவன் செருப்போடு திரைக்கு வெளியே போய் நின்றான்.

அழுத்துவதைச் சற்றே விட்டு, நாடி திரும்பியதா என்று பார்க்கிற நேரம் வந்தது. மானிட்டரில் கோடு அலை அலையாகச் சீராக ஓடியது. அதை நம்பக் கூடாது. இதயம் அசையாமல் கிடக்கும்போதும் கோடு ஓடும். சொல்ல வேண்டியது அவள் விரல். கழுத்தில் வைத்தாள்.

நான்கு. இடைவெளி. நான்கு.

"பல்ஸ் இருக்கா டாக்டர்?" என்றார் பெரிய சிஸ்டர்.

இது இவளுடையது இல்லை. மானிட்டரில் இடைவெளியே இல்லை. அவளுக்குத் தெரியும். அழுத்தச் சொல்ல வாயைத் திறந்தாள். பயில்வான் கை நெஞ்சுக்கு வந்ததும் விரலுக்கு அடியில் துடிப்பு மங்கியது. அழுத்தினால் தன் புருஷன் போய்விடுவான். மறுபடியும். அவள் வாயாலேயே.

"இருக்கு" என்றாள். "விடுங்க."

பயில்வான் கீழே இறங்கினான். திரைக்கு வெளியே யாரோ விம்மிச் சிரிப்பது கேட்டது.

பெண்ணின் உதடு நீலம் பாய்ந்தது. சிஸ்டர் கழுத்தின் மறுபக்கம் தொட்டுப் பார்த்தார். "எனக்கு ஒண்ணுமே தெரியலையே. கையை எடுங்க டாக்டர். பயில்வான், ஏறு."

அவள் எடுக்கவில்லை. அந்த நெஞ்சின் மேல் கவிழ்ந்து மறித்துக்கொண்டாள். இருவரும் தோளைப் பிடித்து இழுத்தார்கள். "கொஞ்சம் இருங்க" என்று கெஞ்சினாள். "இன்னும் கொஞ்ச நேரம்." ஸ்பிரிட் வாசனையை மீறித் தன் புருஷனின் சவர சோப்பு வாசனை. விரலுக்கு அடியில் தோல் சில்லிட்டது. துடிப்பு மட்டும் ஓங்கியது.

மானிட்டரில் கோட்டின் அலை அகன்றது. தளர்ந்தது. படுத்துவிட்டது.

இழுத்த கைகள் நின்றன.

கட்டிலுக்கு வெளியே தொங்கிய அந்தப் பெண்ணின் கை எழுந்தது. துழாவியது. டாக்டரம்மாவின் கையைத் தேடி வந்தது.

"கை அசையுது" என்று திரையை விலக்கிக்கொண்டு நின்றான் அந்தப் புருஷன். கண்ணில் நீர், முகமெல்லாம் சிரிப்பு. "என் பொண்டாட்டி கை அசையுது, பாருங்க."

இரண்டு குளிர்ந்த விரல்கள் டாக்டரம்மாவின் மணிக்கட்டில், நாடி துடிக்கிற இடத்திலேயே, வந்து உட்கார்ந்தன.