நலமறிவி

சாலமோன் வீட்டைப் பூட்டிவிட்டு, சுவரில் தொங்கிய சிவப்புக் கலனின் தலையில் வழக்கம்போல இரண்டு தட்டுத் தட்டினார்.

"நல்லாருக்கியால?"

"நலம்," என்றது தீயணைப்புக் கலன். அதன் கழுத்தில் பச்சைப் புள்ளி மினுங்கியது.

"என்னைய ஒரு நாளாவது இப்படி விசாரிச்சிருக்கியளா?" என்றாள் அவர் மனைவி நவமணி, கையில் சந்தைப் பையுடன்.

"ஒத்த வார்த்தையில பதில் சொல்லுவியா நீ?"

அவள் சிரித்து முடிப்பதற்குள் எதிர்வீட்டுக் கதவிடுக்கில் புகை வந்தது. உள்ளே படுக்கையில் கிடக்கும் சேசையா மட்டும்தான். சாலமோன் கதவை உடைத்துத் திறந்தார், கலனைக் கழற்றினார், அது அலறியது.

"போவாதீங்க!" என்று நவமணி கத்தினாள்.

"பச்சை எரியுதுல்லா? பயப்படாத," என்று உள்ளே போனார்.

நெம்புகோல் அழுந்தும் சத்தம் மட்டும் கேட்டது. மறுபடியும். மறுபடியும். பிறகு அதுவும் கேட்கவில்லை. இருவருமே வரவில்லை.

தூத்துக்குடிக் கடற்கோபுரக் குடியிருப்புகளில் அப்போது கலனின் காலாவதியை யாரும் பார்ப்பதில்லை. தேதிச்சீட்டே கிடையாது. கழுத்திலிருந்த நலமறிவி உள்ளழுத்தத்தை நொடிக்கு நொடி அளந்து, கேட்டால் வாய்திறந்து சொல்லும். மனிதக் கை படக்கூடாது என்பதற்காகவே, ஆணியிலிருந்து எடுத்தால் அலறும்படி செய்திருந்தார்கள்.

விசாரணைக்கு வந்தவர்கள் கலனைப் பார்த்தார்கள். அழுத்தம் குறையவே இல்லை, பச்சை எரிந்தது. 'இயக்கியவர் பிழை' என்று முடித்துவிட்டார்கள்.

நவமணி அதை ஏற்கவில்லை. நெம்புகோல் திரும்பத் திரும்ப அழுந்தியதைத் தன் காதால் கேட்டவள் அவள்.

சாலமோன் பள்ளியில் வரலாறு நடத்தியவர். சாப்பாட்டு மேசையில் எந்தப் பொருளுக்கும் அவரிடம் ஒரு கதை இருக்கும். ஆதியில் தீயணைக்கத் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் வெடிமருந்து வைத்துத் தீக்கு நடுவே வெடிக்கவிட்டார்கள் என்பார். பிறகு, தலைகீழாகக் கவிழ்த்தால் சோடாவும் அமிலமும் கலந்து பீறிடும் கலன். அப்புறம் தீயில் வீசும் கண்ணாடி உருண்டை. சில உருண்டைகளின் மருந்து சூட்டில் நச்சுக்காற்றாகி, வீசியவனையே சாய்த்ததாம். கடைசியில் வந்தது தூள்.

"தூள் கலனைப் பாக்க வருசாவருசம் ஆள் வருவானாம். தேதியப் பாப்பான். கலனை இறக்கி, தலைகீழாக் கவுத்து, அடியில ரப்பர் சுத்தியலால தட்டிட்டு மாட்டுவான். பேயோட்டுற மாதிரி!"

அன்று அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அடக்கம் முடிந்த வாரம், உலைக்கு உப்புப் போட டப்பாவை எடுத்தாள். கடற்காற்றில் உப்பு கட்டிதட்டியிருந்தது. ஊரில் எல்லாரும் செய்வதுபோல டப்பாவைக் கவிழ்த்து அடியில் தட்டினாள். தட்டிய கை அப்படியே நின்றது.

மறுநாள் காலை சுத்தியலோடு குடியிருப்போர் மன்றத்துக்குப் போனாள். மன்றச் செயலாளர் இம்மானுவேல், சாலமோனின் தம்பிதான். பதறி எழுந்தான்.

"மதினி, தொடாதீங்க. அலறினா உத்தரவாதம் போயிரும்."

"ஒங்க அண்ணனே போயிட்டாவ. உத்தரவாதம் போனாப் போட்டும்."

மன்றச் சுவரில் தொங்கிய கலனைக் கழற்றினாள். அலறல் கேட்டுக் கோபுரமே முற்றத்துக்கு இறங்கி வந்தது. கலனை இம்மானுவேலின் கையில் கொடுத்தாள்.

"பச்சை எரியுதுல்லா? அழுத்துங்க."

பாதுகாப்பு ஊசியை உருவி அழுத்தினான். ஒரு பொட்டுத் தூள் வரவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினான். "நலம்," என்றது கலன்.

கூட்டம் ஓரடி நெருங்கி வந்தது.

நவமணி கலனை வாங்கிக் கவிழ்த்தாள். அடியில் தட்டினாள். வெகுநேரம் தட்டினாள், நெற்றி வியர்வையைக்கூடத் துடைக்கவில்லை. உள்ளே மண்சுவர் சரிவதுபோல ஏதோ சரிந்தது. நிமிர்த்தி அழுத்தினாள். வெண்புகையாய்ச் சீறிய தூளில் இம்மானுவேல் தலையிலிருந்து கால்வரை வெளுத்து நின்றான்.

"செயலாளருக்குக் கல்யாணக் களை வந்துட்டு!" என்று யாரோ சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் தங்கள் வாசலை நோக்கி ஓடினார்கள். அன்று பொழுதுசாயும்வரை மாடிக்கு மாடி தட்டும் ஓசை கேட்டது. தட்டியும் தூள் அசையாத கலன்களைக் குவித்து வைத்தார்கள். குவியல் ஆள் உயரத்துக்கு வந்தது.

நலமறிவி செய்த நிறுவனமும் விழித்துக்கொண்டது. அடுத்த ஆண்டே 'குலுக்கி' வந்தது. கலனைத் தானே கவிழ்த்துத் தானே தட்டும் கொக்கி. வேலை முடிந்ததும் அதில் ஒரு பச்சைப் புள்ளி எரியும்.

"இனிமே யாரும் தொட வேண்டாம், மதினி," என்றான் இம்மானுவேல் நிம்மதியாக. "எல்லாத்தையும் அதுவே பாத்துக்கிடும்."

"அது தட்டுதான்னு யாரு பாப்பா?"

"அதான் பச்சை எரியுதுல்லா?"

சொல்லிவிட்டு அவனே தலைகுனிந்தான். ஆனாலும் குலுக்கிகள் எல்லா வாசலுக்கும் வந்துவிட்டன. மற்றவர்களின் சுத்தியல்கள் பரணுக்குப் போய்விட்டன.

நவமணி மட்டும் கோவில் முடிந்து வரும் ஞாயிறுகளில் மாடி மாடியாக ஏறுகிறாள். கலன் அலறும். வீட்டுக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டு, "சுத்தியலக்கா வந்துட்டா," என்று கதவைச் சாத்துவார்கள். அவள் கவிழ்த்து, தட்டி, மாட்டிவிட்டு அடுத்த வாசலுக்குப் போவாள்.

விசாரணை முடிந்து திரும்பி வந்த சாலமோனின் கலன் அவள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. உள்ளே தூள் கல்லாய்க் கிடக்கிறது. வெளியே கிளம்பும்போது அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டி அவள் கேட்பாள்.

"நல்லாருக்கியால?"

கரிபடிந்த கழுத்தில் பச்சைப் புள்ளி மினுங்கும்.

"நலம்."